ஸ்டியரிங் இல்லாத பத்து நாள்

இத்தாலியில் இருக்கப் போகும் பத்து நாளும் ஸ்டியரிங்கைக் கண்ணால்கூடப் பார்ப்பதில்லை என்று மாஸ்டர் ஒரு ரவுண்டானாவின் மேல் நின்றபடி முடிவு செய்தார். பக்கத்தில் அல்ல, மேலேயே. அவரிடம் கார் பழக வந்த தையற்கடைக்காரர் அதைச் சுற்றிப் போவதற்குப் பதிலாக அதில் ஏறிவிட்டார். மாஸ்டரின் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. ஆனால் முந்தின சிக்னலில் செய்த தவறுக்காகத் திட்டிக்கொண்டிருந்ததில் இந்தத் தவறுக்கு மிதிக்க மறந்துவிட்டார். தையற்கடைக்காரர் பூச்செடிகளுக்கு நடுவே வண்டியை நிறுத்தி, கண்ணாடியில் தலைமுடியைச் சரிசெய்துகொண்டு, "இப்ப எந்த கியர் மாஸ்டர்?" என்று பணிவாகக் கேட்டார்.

"கியர் எதுக்கு? தண்ணி ஊத்துங்க. வேர் பிடிக்கட்டும்" என்றார் மாஸ்டர்.

அன்று மாலையே தையற்கடைக்காரர் எதிர்வரிசை டிரைவிங் ஸ்கூலில் போய்ச் சேர்ந்துவிட்டார். அது சிரிப்பு மாஸ்டர் நடத்துவது. அந்த ஆள் சுவரில் மோதினாலும் சிரிப்பான். "பரவாயில்லீங்க, பழைய சுவர்தான்" என்பான். மாஸ்டரிடம் சேர்ந்தவர்களில் பாதிப்பேர் வேறெதைக் கற்றார்களோ இல்லையோ, ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்கம் போகக் கற்றுக்கொண்டார்கள். ஒவ்வொருவர் கடக்கும்போதும் சிரிப்பு மாஸ்டர் வாசலுக்கு வந்து இவருக்கு ஒரு கும்பிடு போடுவான். அந்தக் கும்பிடுக்காகவே அவன் கையை உடைக்க வேண்டும் என்று மாஸ்டருக்குத் தோன்றும்.

வீட்டுக்கு வந்ததும் தீர்மானத்தை அறிவித்தார். மனைவி "சரிங்க" என்றாள். அவள் பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேஜையில் வேலை பார்ப்பவள். நாள் முழுக்க வீங்கின கன்னத்தோடு வருகிறவர்கள் அவள் முகத்துக்கு நேரே கத்துவார்கள். அவள் "உக்காருங்க, கூப்பிடுவாங்க" என்பாள். வீட்டிலும் அதே குரல்தான். மாஸ்டர் எவ்வளவு உச்சத்துக்குப் போனாலும் தன்னை யாரோ பெஞ்சில் உட்கார வைத்துவிட்டதாகவே அவருக்குப் படும். அது அவர் கோபத்தை இன்னும் கிளப்பும்.

கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம் ஆகிறது என்று மகள் டிக்கெட் எடுத்துக் கொடுத்திருந்தாள். இத்தாலிக்குப் போவது உறுதி. எங்கே தங்குவது என்பது மட்டும்தான் பாக்கி. அந்தப் பாக்கியில்தான் குடும்பம் இரண்டு மாதம் குடித்தனம் நடத்தியது.

மாஸ்டருக்கு வெனிஸ். யோசிக்கவே வேண்டாம். தெருவெல்லாம் தண்ணீர். கார் கிடையாது, லாரி கிடையாது, ஹார்ன் கிடையாது. மனிதன் கடவுளோடு போட்டி போட்டு ஒரு நல்ல ஊரைக் கட்டியிருக்கிறான் என்றால் அது வெனிஸ்தான் என்று அவர் போனில் படத்தைப் பார்த்துக் கண்கலங்கினார்.

அவளுக்கு வேறு ஒரு வீடு. மலைமேல், கல்லால் கட்டினது. நீல ஜன்னல்கள். வாசலில் திராட்சைக் கொடிப் பந்தல், பந்தலின் கீழ் ஒரு மேஜை, மேஜைக்கு அப்பால் பள்ளத்தாக்கு. ஒரு நோயாளி உள்ளே போய் அடுத்தவர் வருவதற்கு இடையில் அவள் அந்தப் படங்களைப் பார்ப்பாள். மாதக்கணக்கில் பார்த்ததில், அந்தச் சமையலறையில் எந்த அலமாரிக் கதவு சரியாக மூடாது என்பதுவரை அவளுக்குத் தெரிந்திருந்தது. தனக்கு ஏதாவது வேண்டும் என்று அவள் கேட்டதாக மாஸ்டர் வீட்டில் யாருக்கும் ஞாபகம் இல்லை. இதைக் கேட்டாள்.

"இந்த வீட்டுக்கு பஸ் போகுமா?" என்றார் மாஸ்டர்.

"போகாது."

"ரயில்?"

"மலையடிவாரம் வரைக்கும் வரும். அதுவும் அந்தப் பக்கம்."

"அப்ப எப்படிப் போறது? பறந்தா?"

"கார் வாடகைக்கு எடுக்கலாம். நீங்கதான் இருக்கீங்களே."

மாஸ்டரின் நெற்றி நரம்பு எழுந்து நின்றது. ஒரு சமையல்காரன் சுற்றுலா போன இடத்தில் வெங்காயம் உரிப்பானா என்று கேட்டார். ஒரு பல் டாக்டர் கடற்கரையில் போகிறவன் வருகிறவன் வாயைத் திறந்து பார்ப்பாரா என்று கேட்டார். எங்கள் டாக்டரம்மா பார்ப்பார்கள் என்றாள் அவள். உண்மையில் பார்ப்பார்கள் போலிருக்கிறது. அது அவருக்கு மேலும் எரிச்சலைத் தந்தது.

அடுத்த நாள் சமாதானமாக அவள் வேறு இடங்களைக் காட்டினாள். ரோமில் ஒரு ஓட்டல். மாஸ்டர் படுக்கையைப் பார்க்கவில்லை, குளியலறையைப் பார்க்கவில்லை. ஜன்னல் வழியாகத் தெரிந்த தெருவைப் பெரிதாக்கிப் பார்த்தார். வரிசையாக ஸ்கூட்டர்கள். வேண்டாம். ஏரிக்கரையில் ஒரு விடுதி. ஏரியைச் சுற்றி ரோடு போகிறது, ரோடு இருந்தால் எவனாவது தப்பாகத் திரும்புவான், திரும்பினால் என் வாய் சும்மா இருக்காது. வேண்டாம். கடலோரப் பாறைமேல் ஒரு வீடு. அங்கே படிக்கட்டுதான், வண்டி வராது என்றாள். கீழே மூலையில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு சரக்கு வேன் தெரிந்தது. மாஸ்டர் அதைக் கண்டுபிடித்துவிட்டார்.

"கோணலா நிறுத்தியிருக்கான் பாரு" என்று அதற்கும் கத்தினார்.

மறுபடி கல் வீட்டுக்கே வந்தாள். மறுநாளும் வந்தாள். தினமும் ஒரு தடவை, சாப்பாட்டுத் தட்டை எடுக்கும்போது, "நீங்க ஓட்டினா அந்த வீட்டுக்குப் போயிடலாம்" என்பாள். அவ்வளவுதான். குரலை உயர்த்த மாட்டாள். சொட்டுச் சொட்டாக விழும் குழாய்த் தண்ணீர் மாதிரி அந்த ஒரு வாக்கியம். மாஸ்டர் பழகுகிறவர்கள் மேல் பாய்ந்தார். கிளட்சைக் கொஞ்சம் தாமதமாக விட்ட ஒரு கணக்கு வாத்தியாரை, "பாடம் எடுக்கறப்பவும் இப்படித்தான் இழுத்துட்டு நிப்பீங்களா?" என்று கேட்டார். கணக்கு வாத்தியாரும் ரோட்டைக் கடந்தார்.

அவளே ஓட்டலாமே என்ற பேச்சு எழவில்லை. எழாததற்குக் காரணம் உண்டு. கல்யாணமான புதிதில் மாஸ்டர் அவளைக் காலி மைதானத்துக்குக் கூட்டிப்போய்ச் சொல்லிக் கொடுத்தார். கிளட்சை விடு என்றார். விட்டாள். வண்டி குதித்தது. அவரும் குதித்தார். அவளுடைய அப்பா, அம்மா, அவள் படித்த பள்ளிக்கூடம் எல்லோரையும் அந்த மைதானத்துக்கு இழுத்துவந்து நிற்கவைத்துத் திட்டினார். மூன்றாம் நாள் அவள் சாவியை எடுத்து சீட்டின் மேல் வைத்துவிட்டு நடந்தே வீட்டுக்குப் போய்விட்டாள்.

அத்தோடு விட்டிருக்கலாம். புதிதாகச் சேருகிறவர்களுக்கெல்லாம் மாஸ்டர் முதல் பாடமாக இதைச் சொல்வார். "எங்க வீட்லயே ஒருத்தி இருக்காங்க. கை கால் நல்லாத்தான் இருக்கு. ஆனா வண்டி வராது. சிலருக்கு வராது." அவரிடம் பழகுகிறவர்கள் பல்வலி என்று ஆஸ்பத்திரிக்குப் போகும்போது மேஜைக்குப் பின்னால் இருக்கும் அவளுடைய கைகளைக் கொஞ்சம் இரக்கத்தோடு பார்ப்பார்கள். அவள் "உக்காருங்க, கூப்பிடுவாங்க" என்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முட்டிக்கொண்டது. மகளும் வந்திருந்தாள். மனைவி கல் வீட்டின் படத்தை மறுபடி மேஜைமேல் வைத்து, "கடைசியா கேக்கறேன். நீங்க ஓட்டுவீங்களா?" என்றாள்.

அப்போதுதான் மாஸ்டருக்கு அந்த அற்புதமான யோசனை வந்தது. இதுவரை வேண்டாம் என்றே சொல்லிக்கொண்டிருந்ததுதான் தவறு. வேண்டும் என்று சொல்ல வேண்டும். அவள் கேட்கிற வீட்டையே கொடுத்துவிட்டு, அங்கே போய்ச் சேருகிற வழியை மட்டும் அடைத்துவிட வேண்டும்.

"எந்த வீட்டை வேணா எடு. மலைமேல எடு, மேகத்துமேல எடு. நான் வாயைத் திறக்க மாட்டேன்" என்றார். "ஆனா ஒண்ணு. இத்தாலில இறங்கினதுலேருந்து திரும்ப விமானம் ஏறுற வரைக்கும் நான் ஸ்டியரிங்கைத் தொட மாட்டேன்."

மனைவி மேஜைமேல் இருந்த படத்தை ஒரு தரம் பார்த்தாள். "வேண்டாங்க. கோபத்துல சொல்றீங்க" என்றாள்.

"கோபமா? நானா?"

"அங்க போய் மனசு மாறிடுவீங்க. கை சும்மா இருக்காது. நீங்க தொட்டுடுவீங்க."

"தொட்டா ஸ்கூலை எதிர்த்தாப்ல இருக்கானே, சிரிச்சிட்டு, அவனுக்கே எழுதிக் குடுத்துடறேன். போதுமா?"

மகள் அப்பாவைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு இருமினாள். அம்மா மட்டும் தட்டுகளை அடுக்கியபடி, "நீதான் சாட்சிடீ" என்பதுபோல மகளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "சரிங்க. அப்ப அந்த வீட்டையே சொல்லிடறேன்" என்றாள்.

மாஸ்டர் அன்று மத்தியானம் நிம்மதியாகத் தூங்கினார். அடுத்த நாள் அவள் பயந்துபோய் வெனிஸுக்கு வருவாள் என்று எதிர்பார்த்தார். வரவில்லை. கல் வீட்டைப் பதிவு செய்துவிட்டாள். அந்த வீட்டின் சொந்தக்காரி, ஒரு கிழவி, மேஜைமேல் வைக்க என்ன பூ பிடிக்கும் என்று கேட்டு எழுதியிருந்தாளாம். அதை அவள் அவரிடம் படித்துக் காட்டினாள்.

சரி, அங்கே போய் மாட்டட்டும் என்று நினைத்தார். நினைக்க நினைக்க அது வெனிஸைவிட நன்றாக இருந்தது. விமான நிலையம். நான்கு பெட்டிகள். மொழி தெரியாத ஊர். மலை எங்கேயோ நீலமாகத் தெரிகிறது. அவள் பெட்டிகளுக்கு நடுவில் நின்றுகொண்டு, "நீங்களே ஓட்டிடுங்களேன்" என்பாள். முதல் தடவை அவர் காது கேளாத மாதிரி இருப்பார். இரண்டாம் தடவை, "சொன்ன சொல் என்னாகிறது?" என்பார். மூன்றாம் தடவை அவள் குரல் கொஞ்சம் உடைந்தால் போதும். "உனக்காக" என்று சொல்லிச் சாவியை வாங்கிக்கொள்வார். ஸ்கூலை எழுதிக் கொடுக்கிற கதையெல்லாம் அவள் அழுத அழுகையில் கரைந்துபோகும்.

இந்த ஒரு காட்சிக்காக அவர் வெளிநாட்டில் ஓட்டுவதற்கான அனுமதியை யாருக்கும் தெரியாமல் வாங்கிப் பெட்டியின் அடியில், பனியன்களுக்குக் கீழே வைத்தார். பழகுகிறவர்கள் வருவதற்கு முன்னால் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்து அந்த மலை ரோட்டைப் போனில் விரலால் ஓட்டிப் பார்த்தார். எந்த இடத்தில் கொண்டை ஊசி வளைவு, எங்கே ரோடு குறுகும், எங்கே எதிரே டிராக்டர் வரலாம் எல்லாம் மனப்பாடம். கல் வீட்டின் சமையலறை அவளுக்குத் தெரிந்த அளவுக்கு, அந்த வீட்டுக்குப் போகும் ரோடு அவருக்குத் தெரிந்திருந்தது. "உனக்காக" என்பதைக் கண்ணாடியில் பார்த்து விதவிதமாகச் சொல்லிப் பார்த்தார். ஒரு தடவை ஜன்னலுக்கு வெளியே கணக்கு வாத்தியார் மீதிப் பணத்தைத் திருப்பிக் கேட்க வந்து நின்றிருந்தார். மனுஷன் மிரண்டு இரண்டடி பின்னால் போனார்.

அவளோ கெஞ்சவே இல்லை. அதுதான் மாஸ்டரைப் பிடுங்கித் தின்றது. கிளம்பும் நாள் நெருங்க நெருங்க அவர் வாயைக் கிளறிப் பார்த்தார். மலையெல்லாம் செங்குத்தாமே என்றார். ஆமாங்க, காத்து நல்லாயிருக்குமாம் என்றாள். சாயந்தரமானால் அங்கே டாக்சி கிடைக்காதாமே என்றார். கிடைக்காதாம் என்று ஒத்துக்கொண்டு ஸ்வெட்டரை மடித்தாள். நடந்தே ஏறுவதாக உத்தேசமோ என்று கேட்டார். நடப்பது உடம்புக்கு நல்லது என்றாள். கையிலிருந்த டம்ளரை மாஸ்டர் மேஜைமேல் ஓங்கி வைத்தார். அது உடையவில்லை. அதுவும் அவருக்குக் கோபம்தான்.

விமானத்தில் அவள் தூங்கினாள். அவர் தூங்கவில்லை.

இறங்கினார்கள். கார் வாடகைக்கு விடும் இடத்தில் கண்ணாடி போட்ட ஒரு பையன் கம்ப்யூட்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தான். மாஸ்டர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, சுவரில் இருந்த ஒரு மாதா கோயில் படத்தைக் கவனமாகப் பார்க்க ஆரம்பித்தார். காது மட்டும் இந்தப் பக்கம். இதோ இப்போது கூப்பிடுவாள். பையன் என்னவோ கேட்டான். லைசென்ஸ் என்ற வார்த்தை மட்டும் தெளிவாகக் கேட்டது. மாஸ்டர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

அவள் கைப்பையைத் திறந்து லைசென்ஸை எடுத்து வைத்தாள்.

மாஸ்டர் திரும்பினார். அது அவருடையது என்றுதான் முதலில் நினைத்தார். அதில் அவள் முகம் இருந்தது. பையன் முகத்தையும் படத்தையும் ஒத்துப் பார்த்துவிட்டு அவளுக்கு ஏதோ மரியாதை சொன்னான். அவள் கையெழுத்துப் போட்டாள்.

"இது என்னது?" என்றார் மாஸ்டர்.

"லைசென்ஸுங்க."

"யாரோடது?"

"படம் நல்லா வரலை. ஆனா நான்தான்."

"எப்போ?"

"போன வருஷமே வாங்கியாச்சு. வெளிநாட்டு அனுமதி போன மாசம். டாக்டரம்மா வண்டியை இப்பல்லாம் நான்தான் எடுக்கறேன்."

மாஸ்டர் லைசென்ஸை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கேட்டது தப்பான கேள்வியாகப் போய்விட்டது. "யாரு சொல்லிக் குடுத்தது?"

அவள் பெட்டிகளின் பட்டைகளைச் சரிபார்த்தாள். ஒருவரிடம் கெட்ட செய்தி சொல்லுமுன் ஆஸ்பத்திரியில் செய்கிற மாதிரி குரலைத் தாழ்த்திக்கொண்டாள். எதிர்வரிசைக்காரர் ஒரு தடவை கடைவாய்ப் பல் பிடுங்கிக்கொள்ள வந்தார் என்றாள். பிடுங்கின பிறகும் சிரித்துக்கொண்டே வெளியே வந்தார், இவ்வளவு பொறுமையுள்ள ஆளிடம் பழகினால் எனக்கும் வண்டி வருமா என்று கேட்டேன், பார்க்கலாம் என்றார், காலையில் வேலைக்கு முன்னால் ஆஸ்பத்திரி வாசலிலேயே வண்டியைக் கொண்டுவந்தார் என்றாள்.

"அவன்கிட்டயா?"

"முதல் நாள் நான் ஒரு குப்பைத் தொட்டியை இடிச்சேன். பரவாயில்லீங்கன்னு சொன்னார். நான் அழுதுட்டேன்."

மாஸ்டர் சுற்றுமுற்றும் பார்த்தார். திட்டுவதற்குத் தோதான ஒரு ஆளும் அங்கே இல்லை. எல்லோரும் இத்தாலிக்காரர்கள்.

"அப்படின்னா என்னை ஏன் தினமும் ஓட்டுங்க ஓட்டுங்கன்னு பிடுங்கினே?"

"ஓட்டுறீங்களான்னு ஒரே ஒரு தடவை கேட்டுட்டு விட்டிருந்தா, கடைசியில சரின்னிருப்பீங்க" என்றாள் அவள். "பத்து நாளும் ஒவ்வொரு வளைவுலயும் உனக்காக வந்தேன், உனக்காக வந்தேன்னு திட்டியிருப்பீங்க. ஓட்ட மாட்டேன்னு உங்க வாயாலதான் வரணும். அதுக்குத்தான் ரெண்டு மாசம் கேட்டேன்."

சொல்லும்போது அவள் குரல் உயரவில்லை. ஆனால் முதல் தடவையாக அதற்கு அடியில் என்ன இருக்கிறது என்று மாஸ்டருக்குக் கேட்டது. இருபத்தைந்து வருஷமாக ஆறாமல், பொங்கவும் பொங்காமல், சிறு தீயில் வைத்த கோபம். அவருடைய கோபமெல்லாம் அதன் முன்னால் சும்மா ஹார்ன் சத்தம்.

வெளியே சாம்பல் நிறத்தில் சின்னக் கார் நின்றது. மாஸ்டர் பழக்கதோஷத்தில் நேரே இடப்பக்கக் கதவைத் திறந்து, தினமும் உட்காருகிற மாதிரி தொப்பென்று உட்கார்ந்தார். அந்த நாட்டில் ஸ்டியரிங் இடப்பக்கம். வட்டமாக, கருப்பாக, மடிக்கு எதிரே நின்றது. அவர் கை தானாக எழுந்தது.

"தொடாதீங்க" என்றாள் அவள். "கையைத் தொடைமேல வச்சுட்டு மெதுவா இறங்குங்க. ஸ்கூலைப் பத்தி நீங்க சொன்னது உங்க பொண்ணுக்கும் தெரியும்."

மாஸ்டர் கையைத் தொடைமேல் வைத்துக்கொண்டு இறங்கினார்.

"இதப் பாரு" என்றார். கோபமாகத்தான் ஆரம்பித்தார். மலை ரோடு விளையாட்டில்லை, இந்த ஊரில் எல்லாம் தலைகீழ், முதல் வளைவே ஆளை விழுங்கும், எனக்கு அந்த ரோடு அங்குலம் அங்குலமாகத் தெரியும் என்றார். அவள் பெட்டிகளைப் பின்னால் ஏற்றிக்கொண்டிருந்தாள். அடிவாரம் வரைக்குமாவது நான் ஓட்டுகிறேன், யாரும் போய் அவனிடம் சொல்லப் போவதில்லை என்றார். அவள் பின்கதவைச் சாத்தினாள். மூன்றாம் தடவை சொல்லும்போது தன் குரல் கொஞ்சம் உடைந்ததை மாஸ்டரே கவனித்தார்.

"நானே ஓட்டிடறேனே."

"உக்காருங்க" என்றாள் அவள். "கை பழகறதுக்கு இங்கயே நாலு சுத்து சுத்திட்டுக் கிளம்பலாம்."

அவள் ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்கார்ந்து சீட்டை முன்னுக்கு இழுத்தாள். கண்ணாடிகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள். அவசரமே இல்லை. ஒரு குறையாவது அகப்படும் என்று மாஸ்டர் வெளியே நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். அகப்படவில்லை. சரி, பக்கத்தில் உட்கார்ந்தால் சொல்வதற்கு ஏதாவது கிடைக்காமலா போகும் என்று வண்டியைச் சுற்றிக்கொண்டு வந்து, மறுபக்க முன்கதவைத் திறந்தார்.

அந்த சீட்டில் அவளுடைய கைப்பை இருந்தது. அதற்கு பெல்ட்டும் போட்டுவிட்டிருந்தாள்.